படர்தாமரை ட்யூபிலிருந்து லேசர் அறை வரை: நம் தோல் ஏன் கறுக்கிறது

"தொடையிடுக்குல அரிப்பு, ஒரு ட்யூப் குடுங்கண்ணே" என்று கேட்டால் போதும், சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடைகள் மதுரையில் இன்றைக்கும் இருக்கின்றன. அந்த ட்யூபின் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் மூன்று நான்கு மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கும். பூஞ்சையைக் கொல்ல ஒன்று. பாக்டீரியாவைக் கொல்ல நியோமைசினோ ஜென்டாமைசினோ ஒன்று. கூடவே குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன். கடைசியில் சொன்ன இரண்டும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் இழுக்கும் படர்தாமரை, வெயிலில் போனால் எரியும் முகம், லேசருக்குப் பிறகு விழும் கறுப்புத் திட்டு என்று தோல் மருத்துவரிடம் வரும் பல தொல்லைகளில் பின்னோக்கிப் போனால் இப்படியொரு ட்யூப் அகப்படும்.

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். சிவப்பு, அரிப்பு, வீக்கம் எல்லாம் பூஞ்சையை விரட்ட உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளங்கள். அதை நிறுத்திவிட்டால் இரண்டு மூன்று நாளில் சுகமாக இருக்கும். பூஞ்சையோ தடையில்லாமல் வளரும். பூச்சை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும், மறுபடி அதே ட்யூப். ஆறு மாதம் இப்படி ஓடினால் வட்டமும் தெளிவான விளிம்பும் போய், வட்டத்துக்குள் வட்டமாக, பரு போன்ற கட்டிகளோடு, அனுபவமுள்ளவரையே குழப்பும் தோற்றம் வந்துவிடும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரித்தழும்பு விழுந்தால் அது ஆயுளுக்கும் போகாது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. சட்டம் காகிதத்தில் திடமாகத்தான் இருக்கிறது. வாங்குபவரைக் குறை சொல்லியும் பயனில்லை. மூன்றாம் நாளே அரிப்பை நிறுத்தும் மருந்தை யார்தான் விடுவார்?

பூஞ்சையும் பழைய பூஞ்சை இல்லை. பத்து பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டெர்பினாஃபின் 250 மி.கி. மாத்திரை தினம் ஒன்று, இரண்டு வாரம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்போது பலருக்கு அது வேலை செய்வதில்லை. அந்த மருந்து தாக்கும் நொதியின் மரபணுவிலேயே மாற்றம் கொண்ட பூஞ்சை இந்தியாவெங்கும் பரவியிருக்கிறது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போனவர்களிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2020-இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயர் வைத்தார்கள். அதனால் மருத்துவர்கள் இட்ராகனசோலுக்குப் போகிறார்கள். அதுவும் நாலு முதல் எட்டு வாரம், சிலருக்கு இன்னும் நீளும்.

இட்ராகனசோல் காப்ஸ்யூல் வயிற்று அமிலம் இருந்தால்தான் கரையும். சாப்பிட்ட உடனே போட வேண்டும். அல்சர் என்று தினம் காலையில் பான்டோபிரசோல் போடுபவருக்கு மருந்து பாதிகூட உள்ளே போகாது; "மாத்திரை கேக்கல" என்று சொல்பவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். கொழுப்புக்கு ஸ்டாட்டின் போடுபவர், இதயம் பலவீனமாக உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இந்த மருந்தைத் தொடக் கூடாது.

பூச்சு மருந்தில் அளவு முக்கியம். சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். தெரிகிற விளிம்போடு நிறுத்தாமல் சுற்றிலும் 2 செ.மீ. தாண்டித் தடவ வேண்டும். காரணம், பூஞ்சை விளிம்புக்கு வெளியே ஏற்கெனவே நகர்ந்திருக்கும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் பார்க்க வேண்டும். மனைவிக்கும் பிள்ளைக்கும் இருந்து கணவர் மட்டும் வைத்தியம் பார்த்தால் அடுத்த மாதமே திரும்ப வரும். துண்டு, சோப்பு தனித்தனி. உள்ளாடையை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு வெயிலில் காய வைக்கலாம். அதற்கு வேண்டிய வெயில் மதுரையில் தாராளம்.

அரைஞாண் கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வியர்வையிலும் குளியல் தண்ணீரிலும் ஊறி, ஒருநாளும் முழுதாகக் காயாத கறுப்புக் கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல வளையமாகப் படர்தாமரை வருகிறது என்றால் கயிற்றைக் கழற்றாமல் எந்த மாத்திரையும் பலிக்காது. வெள்ளி அரைஞாண் என்றால் கழற்றிக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். இறுக்கமான ஜீன்ஸும் இதே கணக்குதான்: மாட்டுத்தாவணியிலிருந்து வெளியூர் ஓட்டும் ஓட்டுநர் பத்து மணி நேரம் ரெக்சின் இருக்கையில் ஜீன்ஸோடு உட்கார்ந்தால் தொடையிடுக்கு நாள் முழுக்க ஈரம்.

நோய் போன பிறகு கறுப்பு இருக்கும். பலர் அதையே நோய் என்று நினைத்து ட்யூபைத் தொடர்கிறார்கள். நம் நிறமுள்ள தோலில் அழற்சி எங்கே வந்தாலும், அது பருவானாலும் கொசுக்கடியானாலும் சூடுபட்டதானாலும், நிறமி செல்கள் தூண்டப்பட்டு மெலனினைக் கூடுதலாகக் கொட்டும். மேல்தோலில் நின்றுவிட்டால் பழுப்பாகத் தெரியும், சில மாதங்களில் மங்கும். அடித்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல் கலந்த நீலம், அது வருடக்கணக்கு. அரிப்போ செதிலோ இல்லாத கறுப்பு, ஆறிய இடத்தின் அடையாளம் மட்டுமே. தோலழகு சிகிச்சையில் வரும் பாதகங்களுக்கும் பெரும்பாலும் இதே விதிதான். மேல்தோலை உரிக்கும் ஆசிட் பீல், லேசர், முகப்பரு மருந்து எதுவானாலும் அளவு மீறி அழற்சி உண்டாக்கினால் சரிசெய்ய வந்த கறுப்பைவிடப் புதுக் கறுப்பு கெட்டியாக விழும்.

முகத்துக்கு வரும் அதே ஸ்டீராய்டு

கன்னத்தில் பழுப்புத் திட்டாகப் படரும் மங்குக்குப் போடும் மூன்று மருந்துக் கலவையில் ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினோயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% என்று இருக்கும். 1975-இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வெளியிட்ட கலவையின் வழிவந்தது இது. எட்டு வாரத்துக்குள், இரவு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் போட்டால் நல்ல மருந்து. மங்கு மங்கிய சந்தோஷத்தில் அதையே நைட் கிரீமாக இரண்டு வருடம் போட்டால் வேறு கதை. கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரியும், பூனைமுடி அடர்த்தியாகும், பரு பொங்கும், அடுப்பருகே நின்றாலே எரியும். நிறுத்தினால் சில வாரங்களுக்கு முகம் சிவந்து வீங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தடவுவார்கள். ஹைட்ரோகுவினோனை நெடுங்காலம் போட்டால் ஓக்ரோனோசிஸ் என்னும் நீலக் கறுப்புப் படிவு வரலாம். அதை அகற்றுவது மிகக் கடினம்.

பெயர் தெரியாத டப்பாவில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் வரும் "ஃபேர்னஸ்" கிரீம்கள் இன்னும் மோசம். சிலவற்றில் பாதரசம். 2023-இல் கேரளத்தின் மலப்புறம் பகுதியில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கிரீம் போட ஆரம்பித்த சில மாதங்களில் காலும் முகமும் வீங்கினால் கிரீம் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மங்குக்கு ஈரல் காரணமில்லை, "உடம்புச் சூடு" காரணமில்லை. பரம்பரை, கர்ப்பம் அல்லது கருத்தடை மாத்திரை, வெயில் மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது. இதில் பெரும்பாலும் நம் கையில் இருப்பது வெயில்தான். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சன்ஸ்கிரீன் போட்டும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் கால்வாசி அளவே போடுகிறார்கள். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. பூசித்தான் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் காலை ஒன்று, மதியம் ஒன்று போட்டால் 50 கிராம் ட்யூப் 25 நாளில் தீர வேண்டும். நாலு மாதம் வருகிறது என்றால் முகத்தில் இருப்பது வெறும் வாசனைதான். மங்குக்காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ளதுதான் தடுக்கும். ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றுவதை யாரும் கேலி செய்ய வேண்டாம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நல்ல தடுப்பு.

மங்கு பிடிவாதமாக இருந்தால் ட்ரானெக்சாமிக் ஆசிட் 250 மி.கி. இரண்டு வேளை சில மாதம் தருவார்கள். இது ரத்தம் உறைய உதவும் மருந்து. காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர், கருத்தடை மாத்திரை போடுபவர் இதைத் தவிர்க்க வேண்டும். தோழி போடுகிறாள் என்று வாங்கிப் போடும் மாத்திரை இல்லை.

முகூர்த்தத்துக்கு முன் பீல்

வைகாசியில் கல்யாணம் என்றால் சித்திரையில் வந்து "ஒரு பீல் போட்டு முகத்தைப் பளிச்சுன்னு ஆக்கிவிடுங்க" என்பவர்கள் அதிகம். அந்த நேரத்தில் மறுத்து அனுப்பும் மருத்துவரே நல்ல மருத்துவர். தை மாதமே வர வேண்டும். முதல் இரண்டு முதல் நான்கு வாரம் சன்ஸ்கிரீனும் மென்மையான நிறம்குறைப்புப் பூச்சும் போட்டுத் தோலைத் தயார்செய்ய வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலைந்து பீல். கடைசி பீலுக்கும் தாலி கட்டும் நாளுக்கும் நடுவே குறைந்தது நாலு வாரம் இருக்க வேண்டும். ஏதாவது கறுத்தால் தணிய அவகாசம் வேண்டுமே.

கிளைகாலிக் ஆசிட்டை நம் தோலில் 20 அல்லது 35 சதவீதத்தில் ஆரம்பித்து, ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலால் நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட முகத்தைப் பார்ப்பது முக்கியம்; ஓரிடம் மட்டும் திடீரெனச் சிவந்தால் அங்கே உடனே நிறுத்த வேண்டும். சாலிசிலிக் ஆசிட் 20 முதல் 30 சதவீதம் தானாகவே நின்றுவிடும். அதைக் கரைத்த ஆல்கஹால் ஆவியாகி வெள்ளைப் பொடி போலப் படிவது அந்த ஆசிட்டின் படிகம்தான். ட்ரைக்குளோரோ அசிட்டிக் ஆசிட்டில் தெரியும் வெண்மை அப்படியல்ல, தோலின் புரதம் உறைவது. அனுபவமில்லாத கை இந்த இரண்டு வெண்மையையும் ஒன்றென்று நினைத்தால் காயம் நிச்சயம். ஆன்லைனில் 30 சதவீத ஆசிட் பாட்டில் வாங்கி வீட்டில் பூசுபவர்களுக்கு ஏன் திட்டுத் திட்டாகக் கறுக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

பீலுக்கு முன் ஒரு வாரத்தில் ப்ளீச், ஃபேஷியல், நூல் போடுவது, ஸ்கிரப் எதுவும் கூடாது. ட்ரெட்டினோயின், அடாபலீன் பூசுபவர்கள் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். மூக்கு மடிப்பு, உதட்டோரம், கண்ணோரம் வாஸ்லின் தடவுவார்கள். ஆசிட் அங்கே தேங்கும். முடிந்த பிறகு உரியும் தோலைப் பிய்ப்பதுதான் பெரும் தவறு, பிய்த்த இடம் அப்படியே கறுக்கும்.

பருவுக்கு வைத்தியம் பார்க்காமல் பரு வடுவுக்கு பீல் போடுவதில் அர்த்தமில்லை. அடாபலீன் 0.1% இரவில் பட்டாணி அளவு, முகம் முழுக்க. பென்சாயில் பெராக்சைடு 2.5% காலையில். தலையணை உறை வெளுக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் முடிவு சொல்ல முடியாது. இரண்டாம் வாரம் பரு கூடினாலும் பயப்பட வேண்டாம். கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா பழகிவிடும். நெற்றியோரம் மட்டும் பொடிப்பொடியாகப் பரு என்றால் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிகிறதா என்று பாருங்கள். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை வேறு ரகம்: கருவில் உள்ள குழந்தைக்கு உறுப்புக் குறை உண்டாக்கும் மருந்து. போடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண் என்றால் மருத்துவர் இதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும், வீட்டார் சங்கடப்படக் கூடாது.

லேசர் அறைக்குள்

முடி நீக்கும் லேசர் முடியில் உள்ள மெலனினைத்தான் குறிவைக்கும். மேல்தோலிலும் மெலனின் இருக்கிறது என்பதுதான் நம் சிக்கல். அலைநீளம் கூடக்கூட மேல்தோல் குறைவாக உறிஞ்சும், ஒளி ஆழமாகப் போகும். ஆகவே கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் என்னும் லேசர் பாதுகாப்பானது. 800 வாக்கில் உள்ள டையோடு லேசரை நல்ல குளிரூட்டியோடும் நீண்ட துடிப்போடும் (ஒருமுறை ஒளி பாயும் நேரம்) பயன்படுத்தலாம். வெளிநாட்டு வெள்ளைத் தோலுக்கு வைத்த அமைப்பில் அப்படியே அடித்தால், லேசர் முனையின் வடிவத்திலேயே சதுரம் சதுரமாகச் சூடு விழும்.

வருவதற்கு முன் நான்கு வாரம் நூல், வேக்ஸிங், பிடுங்குவது கூடாது. வேரோடு முடி இல்லையென்றால் லேசர் எதைத் தாக்கும்? முதல் நாள் ஷேவ் மட்டும் செய்துகொண்டு வர வேண்டும். பெண்கள் முகத்தில் ஷேவ் செய்தால் முடி தடிப்பாகும் என்பது உண்மையில்லை. முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முதல் எட்டு முறை. ஏனென்றால் ஒரே நேரத்தில் வளரும் பருவத்தில் இருக்கும் முடி ஒரு பங்குதான். நரை முடிக்கும் பூனைமுடிக்கும் லேசர் பலிக்காது. தாடையிலும் கழுத்திலும் முடி வளரும் பெண்ணுக்கு மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் லேசருக்கு முன் பிசிஓஎஸ் என்னும் சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்மோனைச் சரிசெய்யாமல் லேசருக்குக் கொடுத்த பணம் வைகையில் விட்டதுதான். அளவு குறைந்த சக்தியில் அடித்தால் சிலருக்கு அக்கம்பக்கத்தில் புது முடி முளைப்பதும் உண்டு.

அடித்த பிறகு மயிர்க்கால் சுற்றிக் கொசுக்கடி போல வீங்குவது சரியான அறிகுறி, ஒரு நாளில் தணியும். தோல் சாம்பலாகவோ வெளிறியோ போனால், கொப்புளம் வந்தால் அது சூடு. உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் குளிர்விக்க வேண்டும். ஐஸை நேராக வைக்கக் கூடாது. பற்பசை, மஞ்சள் வேண்டாம்.

மங்குக்கு "லேசர் டோனிங்" என்று பத்து சிட்டிங் பேக்கேஜ் விற்கிறார்கள். பலருக்கு முதலில் மங்கும், நிறுத்திய சில மாதத்தில் திரும்பும். சிலருக்குச் சோளப்பொரி சிந்தியது போல வெள்ளைப் புள்ளி விழும். பூச்சும் சன்ஸ்கிரீனும் ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய கடைசிப் படி அது. அதே வகை லேசர், பாட்டிமார் கையில் உள்ள பழைய பச்சைக்கு அருமையாக வேலை செய்யும். கரியால் குத்திய பச்சை என்பதால் 1064 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும்.

லேசரே தேவைப்படாத கறுப்புகளும் உண்டு. பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்து, கூடவே சிறு சிறு மருவும் இருந்தால் அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தால் இன்னும் தடிக்கும். எடை பார்த்து, சர்க்கரை சோதித்தால் போதும். மருவுக்குச் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது காரத்தால் சுடுவது. மரு போய்க் குழி நிற்கும். மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் தடவி ரேடியோ அலையால் எடுத்தால் ஒரே அமர்வில் முடியும். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுத்தால் பொட்டின் பசையில் உள்ள வேதிப்பொருள் நிறமி செல்களைக் கொல்கிறது என்று பொருள். முதலில் ஸ்டிக்கரை நிறுத்துங்கள், குங்குமத்துக்கு மாறினாலும் தரமானதா என்று பாருங்கள். நெற்றியோரமும் காதோரமும் சாம்பல் நிறமாகக் கறுத்தால் தலைச்சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வெளிறிய திட்டு எல்லாம் தேமல் என்று விட்டுவிடவும் கூடாது. தேமல் மார்பிலும் முதுகிலும் செதிலோடு வரும். கீட்டோகனசோல் 2% ஷாம்புவைப் பூசி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் பூஞ்சை போகும், நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். வெளிறிய திட்டில் தொட்டாலோ சூடுபட்டாலோ உணர்வில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவிலும் காட்டலாம்.

அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ பைபாஸ் ரோட்டிலோ எந்த கிளினிக்கில் நுழைந்தாலும் பலகையில் உள்ள பட்டத்தைப் படியுங்கள். எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., தோலுக்கான டி.என்.பி. இவை போன்றவைதான் தோல் மருத்துவப் பட்டங்கள். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்பது சில வாரச் சான்றிதழாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்த்துவிட்டு லேசரை யார் அடிக்கிறார், அவர் அப்போது கட்டிடத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். முதல் நாளே முகம் முழுக்க அடிக்காமல் காதுக்கு அருகில் ஒரு சிறு இடத்தில் சோதித்து ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் அலைநீளம், சக்தி அளவு, துடிப்பின் நேரம், பீல் என்றால் ஆசிட்டின் சதவீதமும் வைத்திருந்த நிமிடமும் சீட்டில் எழுதித் தரச் சொல்லிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுத்துவிட்டால் அடுத்துப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.